உரிமையாளர்: இரண்டு பேர்

நாணயங்களைப் பட்டியல் போடுவதற்கு மென்பொருள் தேடி நானும் என் சிநேகிதியும் பட்ட பாட்டைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். "ரெண்டு கிழவிகளுக்கு எதுக்கு இந்த வேல?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டவர்களும் உண்டு. அப்போது எங்களுக்கு அறுபதுகூட ஆகவில்லை. கிழவியாம் கிழவி! அந்தப் பட்டியல் முடிந்தால் நாணயங்களைப் பிரிக்க வேண்டும், பிரித்துவிட்டால் அவள் ஊரை விட்டுப் போய்விடுவாள். விஷயம் அதுதான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் நாங்கள் அதைப் பேசாமல் மாதக்கணக்கில் மென்பொருளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அவள் பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்து, இயந்திரங்கள் மாற மாற நானும் மாறி, கடைசியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, விருப்ப ஓய்வு வாங்கி வந்தவள். அவள் கணவர் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் நர்ஸ் படித்து ஆஸ்திரேலியாவில் இருந்தாள். நான் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலை இங்கே எழுத முடியாது. கருங்கல் ஊர்ப் பக்கத்தில் ஒரே சபை எங்களுக்கு, ஒரே பாடகர் குழு, ஒரே தெரு. ஆனால் எங்களைச் சிநேகிதிகள் ஆக்கியது இதெல்லாம் இல்லை. ஒரு சண்டை.

எங்கள் கிறிஸ்தவ சபையில் காணிக்கை ஏலம் உண்டு. அறுப்பின் பண்டிகை அன்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முதற்பலன் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஏத்தங்குலை, சக்கை என்று நாங்கள் சொல்லும் பலாப்பழம், மரச்சீனிக் கிழங்கு, கோழி, வாத்து முட்டை என்று குவிந்து கிடக்கும். ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் முற்றத்தில் மேசை போட்டு ஒவ்வொன்றாக ஏலம் கூவுவார். தேவைக்காக யாரும் கேட்பதில்லை. கடையில் சீண்ட ஆளில்லாத பூசணிக்காய் அங்கே என்ன விலைக்குப் போகும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரன் ஒரு விலை கேட்டுவிட்டால் இவன் விடமாட்டான். பணம் கோயிலுக்குத்தானே போகிறது என்று மனசுக்கு ஒரு சமாதானம். ஆனால் விதி ஒன்று உண்டு. ஏலம் எடுத்த ஆளே மேசைக்கு வந்து தன் கையால் பொருளை வாங்க வேண்டும். வேறு ஆளிடம் கொடுக்க மாட்டார்கள். வீம்புக்கு விலையை ஏற்றிவிட்டு, அடுத்தவன் பெயரைச் சொல்லிவிட்டு ஆளே காணாமல் போகிற கூத்தெல்லாம் நடந்த பிறகு வந்த விதி அது.

ஒரு வருஷம் அந்த மேசைக்கு ஒரு பால்பவுடர் டின் வந்தது. வளைகுடாவிலிருந்து லீவில் வருகிற ஆட்கள் காணிக்கைப் பையில் போட்ட திர்ஹமும் ஃபில்ஸும் ரியாலும் அதில் இருந்தன. கூடவே பழைய வீடுகளிலிருந்து வந்த திருவிதாங்கூர் ராஜா காலத்துச் சக்கரம், காசு என்ற நாணயங்களும். வங்கியில் எடுக்க மாட்டார்கள் என்று பொருளாளர் எல்லாவற்றையும் டின்னில் போட்டு வைத்திருந்தார். எனக்கு அதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. ஒரு விலை கேட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல் கூடுதலாகக் கேட்டது. திரும்பினால் பூகோள டீச்சர். பாடகர் குழுவில் அவள் முதல் குரல், நான் இரண்டாம் குரல், அதுவரை எங்கள் பழக்கம் அவ்வளவுதான். நான் ஏற்றினேன். அவள் ஏற்றினாள். ஜனங்கள் குலையையும் கோழியையும் விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். கடைசியில் இருவரும் ஒரே விலையை ஒரே மூச்சில் கூவினோம். மேசைக்கும் ஒன்றாகவே ஓடினோம். டின்னின் ஒரு பக்கம் அவள் கை, மறுபக்கம் என் கை. இரண்டு பேரும் விடவில்லை. போதகர் அங்கியோடு வந்து, "ரெண்டு பேருமா சேந்து எடுத்துக்கிடுங்கம்மா. இல்லேன்னா சபை முழுக்க இஞ்ச நின்னு வெயிலு காயணும்" என்றார். செயலாளர், "ரெண்டு பேருக்கும்!" என்று கூவி மேசையைத் தட்டினார்.

டின்னைக் கொட்டிப் பார்க்க அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு போகாத நாள் கிடையாது. இனயம், முட்டம் கடற்கரைப் பக்கத்திலிருந்து அவள் வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் அப்பாக்கள் கப்பலிலும் வளைகுடாவிலும் வேலை பார்த்தவர்கள். அந்தப் பிள்ளைகள் கொண்டுவந்த நாணயங்களாலேயே ஓர் ஆல்பம் நிறைந்தது. எந்த நாட்டுக் காசு என்று மேப்பில் தொட்டுக் காட்டினால்தான் வாங்கிக்கொள்வாள். டீச்சர் புத்தி எங்கே போகும்? நான் என் பங்குக்குப் பழைய வீடுகளில் ஏறி இறங்கி, பெட்டியின் அடியில் கிடந்த சக்கரங்களைக் கேட்டு வாங்கினேன். எது யார் கொண்டுவந்தது என்று நாங்கள் பார்த்ததே இல்லை. ஆல்பங்கள் என் வீட்டு பீரோவில் இருந்தன, பார்ப்பதற்கான பூதக்கண்ணாடி அவள் வீட்டில் இருந்தது. அதனால் எப்படியும் ஒருத்தி மற்றவள் வீட்டுக்குப் போயே ஆக வேண்டும்.

மகளுக்குக் குழந்தை பிறந்தபோதுதான் பேச்சு மாறியது. 2007 வாக்கில் என்று நினைக்கிறேன். அம்மா வந்துவிட வேண்டும், தனியாக அங்கே இருந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று போனில் ஒரே பிடிவாதம். நல்ல பிள்ளைதான் அவள், குறை சொல்ல மாட்டேன். "காசு எல்லாத்தையும் லிஸ்ட் போட்டு, சித்தியும் நீங்களும் பாதிப் பாதி பிரிச்சுக்கிடுங்கம்மா. உங்க பங்க கூடக் கொண்டு வாங்க. இதுக்குன்னே சாஃப்ட்வேர் எல்லாம் கிட்டும்" என்றாள். என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். கம்ப்யூட்டர் வாங்கப் பணமும் அனுப்பிவிட்டாள்.

"அப்ப நீ போறியா?" என்று கேட்டேன்.

"பின்ன? பிள்ளைய யாரு பாப்பா?"

"செரி" என்றேன்.

கம்ப்யூட்டர் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தது. இணைய இணைப்பு வரும்வரை நான் மார்த்தாண்டத்துக்கு பஸ் பிடித்துப் போய், பிரவுசிங் சென்டரில் மென்பொருளை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவருவேன். முதலாவது வந்தது இலவசம். நாடு என்ற கட்டத்தைத் தொட்டால் உலகத்து நாடுகள் எல்லாம் வரிசையாக இறங்கும். நான் கேள்விப்படாத தீவுகள்கூட அதில் இருந்தன, திருவிதாங்கூர் மட்டும் இல்லை. இந்தியாவுக்குள் போனால் சமஸ்தானங்கள் என்று ஒரு பிரிவு இருந்தது. அதற்குள்ளும் எங்கள் ஊரை அன்று ஆண்ட ராஜாவுக்கு இடமில்லை. "பிரிட்டிஷ் இந்தியான்னு போட்டுரு, சவம் கிடக்கட்டு" என்றேன். அவ்வளவுதான், பூகோள டீச்சருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "எங்க அம்மை சக்கரம் குடுத்து கருப்பட்டி வாங்குனவளாக்கும். அவ பிரிட்டிஷ் இந்தியாவுலயா இருந்தா? வேற பாரு."

நியாயமான கோபம்தான். வேறு பார்த்தேன்.

இரண்டாவது மென்பொருளில் நாட்டின் பெயரை நாமே எழுதிச் சேர்க்கலாம். திருவிதாங்கூரைச் சேர்த்தோம். நான் நாணயத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து வாசிப்பேன், அவள் ஒரே விரலால் தேடித் தேடித் தட்டுவாள். சக்கரம், செம்பு, ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் சங்கு, ஆண்டு 1114. நாணயத்தில் அப்படித்தான் இருந்தது, அப்படியே போட்டோம். எங்கள் பக்கத்தில் பழைய பத்திரம், கல்லறைக் கல், அப்பாமார் பிறந்த வருஷம் எல்லாமே கொல்லம் ஆண்டுதான். எங்கள் கண்ணுக்கு அது ஓர் ஆண்டு, அவ்வளவே. கொஞ்ச நாள் தட்டிவிட்டு, பெருமையாக மகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பினோம். மறுநாள் காலையிலேயே போன் வந்தது.

"அம்மா, அதுல சில காசு தொள்ளாயிரம் வருஷம் பழசாம்! ஒருத்தருகிட்டயும் காட்டாதீங்க. சித்திகிட்ட சொல்லுங்க, பீரோவப் பூட்டணும், வீட்டையும் பூட்டணும்."

ஓடிப்போய்ப் பார்த்தால், அந்த மென்பொருள் 1114ஐ ஆங்கில ஆண்டாக எடுத்துக்கொண்டு, எங்கள் சக்கரங்களை எல்லாம் பன்னிரண்டாம் நூற்றாண்டு என்று பட்டியலின் உச்சியில் ஏற்றி வைத்திருக்கிறது. கருப்பட்டி வாங்கின சக்கரம் சோழ ராஜாக்கள் காலத்துக்குப் போய்விட்டது! மகளிடம் கொல்லம் ஆண்டைப் பற்றிச் சொல்லிப் புரியவைப்பதற்குள் அவள் அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "உங்க அம்மாச்சியும் சோழ ராஜாவும் ஒரே கிளாஸுட்டி" என்று போனில் சொன்னாள். எனக்குச் சிரிப்போடு எரிச்சலும் வந்தது. அரபு நாணயங்களின் ஹிஜ்ரி ஆண்டுக்கு அந்த மென்பொருளில் தனிக் கட்டம் வைத்திருந்தார்கள். நமக்குத்தான் இல்லை. எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டி நாமே ஆங்கில ஆண்டைப் போட்டுவிடலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. "காசுல இல்லாத ஆண்ட எப்பிடி எழுதது? டீச்சரா இருந்துகிட்டு பொய் எழுதச் சொல்லுதியா? வேற பாரு."

வேறு பார்த்தேன். மூன்றாவதில் தமிழில் குறிப்பு எழுதினால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. நான்காவது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு நாணயத்துக்கும் டாலரில் மதிப்புக் கேட்டு, மொத்தத்தை எந்நேரமும் திரையின் அடியில் காட்டிக்கொண்டிருந்தது. அதை மறைக்கவும் வழியில்லை. "நம்ம காசுக்கு விலை போட இவன் யாரு?" என்றாள். அதுவரை அவள் சொன்ன காரணங்களுக்கு நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் கூத்து. ஒன்றில் நீல நிறம் கண்ணைக் கூசுகிறதாம். இன்னொன்றை மூடும்போது ஒரு மணிச் சத்தம் வருகிறதாம், அதைக் கேட்டால் நெஞ்சு பக்கென்று இருக்கிறதாம். அடுத்ததில் படம் சாய்ந்து தெரிகிறதாம். அவள் படத்தைச் சாய்த்து எடுத்தால் சாய்ந்துதானே தெரியும்?

கடைசியில் ஒன்று அகப்பட்டது. நாட்டை நாமே சேர்க்கலாம். ஆண்டுக்கு இரண்டு கட்டம், ஒன்றில் நாணயத்தில் உள்ளபடி போடலாம், மற்றதில் ஆங்கில ஆண்டு. தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. விலைக் கட்டத்தை மறைக்கலாம். ஒருமுறை வாங்கினால் இரண்டு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். நான் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டு திறந்து காட்டினேன்.

"எழுத்து சின்னதா இருக்கு" என்றாள்.

பெரிதாக்கினேன்.

"இப்ப ரொம்பப் பெருசாட்டு இருக்கு."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம். "சவத்து மூதி! உனக்கு சாஃப்ட்வேர் வேணுமா, மாப்பிள வேணுமா? இவன் கறுப்பு, அவன் குட்டைன்னு ஒவ்வொண்ணுக்கா குத்தம் சொல்லுத! நான் பஸ்ல தொங்கிட்டுப் போய் இறக்கிட்டு வாறேன், நீ இஞ்ச சாயா குடிச்சுகிட்டு மூக்கச் சுளிக்க! உனக்குப் போகணுமா வேண்டாமா?"

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையில் ஒரு சக்கரம் இருந்தது, அதைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இது முடிஞ்சா பிரிக்கணும்லாட்டி" என்றாள் பைய. "பிரிச்சா நான் போகணும்லா."

அவள் குறை சொல்லிச் சொல்லி நாளை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நானோ அவள் போவதை நினைக்கவே கூடாது என்று பஸ் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். இத்தனை மாதம் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்த லட்சணம்!

"நீ ஒருக்காகூட எங்கிட்ட போகாதன்னு சொல்லலியே" என்றாள்.

"சொன்னா நிப்பியா?"

"நிக்க மாட்டேன். பிள்ளைக்கு ஆளு வேணும். மக ராத்திரி டூட்டிக்குப் போறவ. ஆனா நீ சொல்லலாம்லா?"

"போகாதட்டி" என்றேன்.

அவள் அழுதாள். நானும் அழுதேன். அழுது முடிந்தபின் அவளே எழுந்து போய், பால் விடாத கட்டன் சாயா போட்டுக்கொண்டு வந்தாள். அந்த மென்பொருளையே வாங்கலாம் என்று சாயா குடித்துக்கொண்டே முடிவு செய்தோம். மகள் அங்கிருந்தே கார்டில் பணம் கட்டி, மென்பொருளைத் திறக்கும் எண்ணை அனுப்பினாள்.

முதல் நாணயத்தைப் போட்டுச் சேமிக்கப் போனால் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. உரிமையாளர் பெயர் இல்லாமல் சேமிக்க மாட்டேன் என்கிறது மென்பொருள். நாட்டை மறைக்கலாம், விலையை மறைக்கலாம், உரிமையாளரை மட்டும் மறைக்க முடியாது. எவன் எழுதினானோ அந்த மென்பொருளை, அவனுக்குச் சேர்ந்து ஒரு பொருள் வாங்கிப் பழக்கமே இருந்திருக்காது.

"ஏலம் போட்டுப் பிரிப்போம். நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச வழி அதாக்கும்" என்றேன். அவள் செயலாளர் மாதிரித் தொண்டையைச் செருமி, சக்கரத்தை உயர்த்திப் பிடித்தாள்.

"கேளு" என்றாள்.

"நீ கேளு."

"நான் கூவுத ஆளு. நீதான் கேக்கணும்."

"நீ முதல்ல கேளுட்டி."

"ஒரு தரம்" என்றாள். "ரெண்டு தரம்." நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் மூன்றாம் தரம் சொல்லவில்லை. ஊர் கூடி நிற்க அந்த முற்றத்தில் தொண்டை கிழியக் கத்தினவர்கள் நாங்கள். ஒரு செம்புக் காசை எனக்கு என்று சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. அவள் நாணயத்தை மேசையில் வைத்துவிட்டு, விசைப்பலகையை இழுத்து, ஒரே விரலால் உரிமையாளர் கட்டத்தில் "ரெண்டு பேரும்" என்று தட்டினாள். சிவப்பு அறிவிப்பு போய்விட்டது. மென்பொருள் மறுபேச்சில்லாமல் சேமித்துக்கொண்டது.

"எல்லாக் காசுக்கும் இதே பேரப் போட வழி உண்டா?" என்று கேட்டாள்.

இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த வசதி அதுதான்.

ஆக, ஒன்றையும் பிரிக்கவில்லை. ஆல்பங்கள் என் பீரோவில் இருக்கும், பட்டியல் இரண்டு பேர் கம்ப்யூட்டரிலும் இருக்கும் என்று ஆயிற்று. அவள் வீடு விற்றுப்போனது, கம்ப்யூட்டர் என் வீட்டுக்கு வந்தது. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கிளம்பிய வேனில் ஏறி உட்கார்ந்தும் அவள், "ஃபைல பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கியா?" என்றுதான் கேட்டாள். "வச்சிருக்கேன்" என்றேன். "கம்ப்யூட்டர்லயும் வச்சிருக்கியா?" என்றாள். வேன் வளைவு திரும்புகிறவரை அதைத்தான் பேசினோம். பிறகு நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன்.

முதல் வருஷம் பட்டியல் வாரத்துக்கு ஒருமுறை மின்னஞ்சலில் போயும் வந்தும் இருந்தது. நான் ஒரு காசு கண்டுபிடித்துச் சேர்ப்பேன், அவள் அதன் குறிப்பைத் திருத்துவாள். அங்கே இருந்துகொண்டே என் எழுத்துப்பிழைக்கு வட்டம் போட்டவள் அவள். பிறகு இரண்டாவது பேரக்குழந்தை வந்தது. மின்னஞ்சல் மாதத்துக்கு ஒன்றானது, அப்புறம் பண்டிகைக்குப் பண்டிகை. "இந்தக் கிறிஸ்மஸ்க்கு எப்பிடியும் வருவேன்" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வாள். ஒரு வருஷம் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு வருஷம் முட்டுவலி, ஒரு வருஷம் மருமகனுக்கு லீவு இல்லை. நான் "செரி, அடுத்த வருஷம் பாப்போம்" என்பேன். போனை வைத்தபிறகு தனியாகக் கிடந்து திட்டுவேன். கோபம்தான் எனக்கு, சும்மா நல்ல பிள்ளை வேஷம் போட்டு என்ன? அவள் இல்லாத ஊரில் எனக்குச் சண்டை போடக்கூட ஆளில்லை.

இடையில் என் கம்ப்யூட்டர் பழுதாகிப் புதிது வாங்கினேன். கடைக்காரர், அந்தப் பழைய மென்பொருள் இதில் சரியாக ஓடாது, இப்போதெல்லாம் எல்லாம் இணையத்திலேயே இலவசமாக இருக்கிறது, மாற்றிவிடலாம் என்றார். அவர் காட்டியது பார்க்க வெகு அழகாகத்தான் இருந்தது. உரிமையாளர் கட்டம் எங்கே என்று கேட்டேன். "அது எதுக்கு மேடம்? அக்கவுண்ட் யாருடையதோ அவங்கதானே ஓனர்?" என்றார். "எனக்குப் பழசு போதும், அத ஓட வச்சுத் தாங்க" என்று சொல்லி, அவர் எப்படியோ ஓட வைக்கும்வரை அந்த ஸ்டூலை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

2014 என்று நினைக்கிறேன், ஓர் அறுப்பின் பண்டிகைக்கு முந்தைய வாரம், அவள் இருக்கும் ஊரில் நர்ஸாக வேலை பார்க்கும் எங்கள் சபைப் பெண் ஒருத்தி லீவில் வந்தாள். கையில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தாள். "டீச்சர் குடுத்து விட்டாவ. கோயிலுக்குக் காணிக்கையாட்டு வைக்கணுமாம்" என்றாள். உள்ளே ஆஸ்திரேலியக் காசுகள். கங்காரு போட்டது, முள்ளெலி மாதிரி ஏதோ போட்டது, பல முனை வைத்த வெள்ளை நாணயம் எல்லாம் இருந்தன. வருஷக்கணக்காக மீதிச் சில்லறையில் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறாள். நான் ஏலம் எடுப்பேன் என்று தெரிந்தே அனுப்பியிருக்கிறாள், கள்ளி.

பண்டிகை அன்று டின் மேசைக்கு வந்தது. நான் கேட்டேன். போட்டிக்கு யாரும் வரவில்லை. எங்கள் கதை சபைக்கே தெரியும். செயலாளர் "ஒரு தரம்" என்பதற்குள் அந்த நர்ஸ் பெண் கையை உயர்த்தினாள். கையில் மொபைல் போன், ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். அதிலிருந்து கூடுதல் விலை வந்தது. அதே குரல்! கொஞ்சம் கரகரப்பு கூடியிருந்தது.

முற்றம் முழுக்க ஒரே சிரிப்பு. செயலாளரும் சிரித்துக்கொண்டு அனுமதித்துவிட்டார்.

"ஏட்டி, நீ குடுத்த காச நீயே ஏலம் எடுக்கியா? வெக்கமா இல்லியா?" என்று போனைப் பார்த்துக் கத்தினேன்.

"உனக்கு சும்மா கிட்டப்பிடாது. கோயிலுக்கு நாலு காசு கூடுதல் வரட்டு. கேளு!"

நான் ஏற்றினேன். அவள் ஏற்றினாள். வயசு எங்கே போனது என்று தெரியவில்லை எனக்கு. அடி வயிற்றிலிருந்து குரல் வந்தது. அவள் எங்கோ ஒரு சமையலறையில் நின்று கூவுகிறாள், பின்னால் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் என்னவோ கேட்பது எனக்குக் கேட்கிறது. அவள் கடைசியாக ஒரு விலை சொன்னாள். நான் அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தேன். மேசையில் இருந்த டின் கண்ணில் பட்டது. அந்தப் பழைய விதி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"ஒரு தரம்" என்றார் செயலாளர்.

"கேளுட்டி" என்றது போன்.

"ரெண்டு தரம்."

"ஏட்டி! என்னாச்சு, லைன் போச்சா? கேளு! எனக்கு எதுக்கு அது? அது உனக்காக்கும்!"

"மூணு தரம்" என்று மேசையைத் தட்டினார் செயலாளர். அந்த நர்ஸ் பெண் பணத்தைக் கொடுத்துவிட்டு டின்னை எடுக்கக் கையை நீட்டினாள்.

"நில்லும்மா" என்றேன். "செயலாளரே, சபை விதி என்னது? எடுத்த ஆளு வந்து தன் கையால வாங்கணுமா இல்லியா?"

செயலாளர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். நல்ல மனுஷன், புரிந்துகொண்டார். "ஆமா, விதி விதிதான்" என்று டின்னைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். போனிலிருந்து "சண்டாளி" என்று கேட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"வந்து எடு" என்றேன். "நீ வாறது வர கோயில் பீரோவுல கிடக்கும்."

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து புதிதாக ஒரு வரி சேர்த்தேன். நாடு, ஆஸ்திரேலியா. இடம், கோயில் பீரோ. உரிமையாளர் கட்டத்தில் அவள் பெயரை மட்டும் போட்டேன். எங்கள் பட்டியலில் ஒருத்தி பெயர் தனியாக நின்றது அதுதான் முதல் தடவை. கோப்பை அவளுக்கு அனுப்பிவிட்டு, சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பதில் வந்தது. தமிழில் தட்டியிருந்தாள், அதே ஒற்றை விரலால்தான் இருக்கும்.

"கிறிஸ்மஸ்க்கு டிக்கெட் எடுத்தாச்சு, மகளும் பிள்ளைகளும் கூட வருது. நான் வாறது வர அந்த டின்ன ஒருத்தரும் தொறக்கப்பிடாது. வந்த உடனே அந்தக் கட்டத்துல என் பேர மாத்தணும். எனக்கு அத அப்பிடித் தனியாப் பாக்கச் சகிக்கல."